ரெண்டு ஸ்டெப்னியும் எங்கள் கார் சங்கமும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடிய கார்களிலேயே, வழியில் ஒரு தடவைகூடப் பழுதாகி நிற்காத கார் அவருடையதுதான். அந்தச் சாலையில் அதிகத் தடவை நின்றுபோனதாகத் தகவல் வந்த காரும் அவருடையதுதான். இரண்டும் எப்படி ஒரே மனிதரைப் பற்றி உண்மையாக இருக்க முடியும் என்று கேட்பவர்கள் 'ரெண்டு ஸ்டெப்னி'யைச் சந்திக்காதவர்கள்.

போன வாரம் என் மாப்பிள்ளை புதுக் கார் வாங்கினார். "மாமா, கார் ஓனர்ஸ் கிளப்புல சேரலாமா? சந்தா தண்டம்தானே? போனைத் தட்டினா இழுத்துக்கினு போறவன் வந்துடப் போறான்" என்றார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் கிளெய்ம் பிரிவிலேயே தலைமுடியைக் கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். எதைக் கேட்டாலும் விதி எண்ணைச் சொல்லித்தான் பேச்சையே தொடங்குவேன். இந்தக் கேள்விக்கு மட்டும் விதி எதுவும் வாயில் வரவில்லை. ரெண்டு ஸ்டெப்னிதான் வந்தார்.

விழுப்புரம் தனி மாவட்டமான புதிது. கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார், கூடவே ஊருக்கு ஒரு கெத்தும் வந்தது. அந்த வேகத்தில் நாங்களும் கார் உரிமையாளர் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தோம். சொந்தக் கார் வைத்திருந்தவர்களை உட்காரவைத்தால் கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைகூட நிரம்பாது. ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு ரைஸ் மில்காரர், இன்னும் சிலர். விதிகள் எழுதத் தெரிந்த குற்றத்துக்காக என்னைச் செயலாளராக்கினார்கள். நான் எழுதியதில் எனக்கே பிடித்த விதி ஒன்று உண்டு: உறுப்பினர் ஒருவரின் வண்டி வழியில் நின்றால், அந்த இடத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் உறுப்பினர், தகவல் கிடைத்ததும் கயிற்றோடு போக வேண்டும். படிக்க அழகாக இருந்தது. அதை யாராவது உபயோகிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ரெண்டு ஸ்டெப்னி திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருந்தார். சேருவதற்கு முன்னால் என்னை விசாரணைக் கமிஷன் போலக் குடைந்தார்.

"சார், வண்டி கூட்டேரிப்பட்டாண்ட நின்னுபோச்சுன்னா யாரு வருவாங்க?"

"திண்டிவனம் உறுப்பினர்."

"திண்டிவனத்துல நான் ஒருத்தன்தான சார் சேரப்போறேன்? என் வண்டிய நானே வந்து இழுக்கணுமா?"

என் வரைவில் அதுவரை யாரும் ஓட்டை கண்டுபிடித்ததில்லை. "அப்படின்னா விக்கிரவாண்டிக்காரர் வருவார்" என்றேன்.

"அவரு ஊர்ல இல்லன்னா?"

"விழுப்புரத்திலிருந்து டாக்டர்."

"அவரு கயிறு பாதில அறுந்துபோச்சுன்னா?"

பயத்திலேயே பிறந்து பயத்தையே சாப்பிட்டு வளர்ந்த மனிதர். கிறிஸ்தவக் குடும்பம். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மயிலம் முருகன் கோயில் விபூதி இருக்கும். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டி நகராது. கேட்டால், "எந்த ஆபீஸ்ல ஃபைல் நவுரும்னு நமக்கு இன்னா சார் தெரியும்? எல்லாத்துலயும் ஒரு மனு போட்டு வெச்சிடணும்" என்பார். டிக்கியில் மாற்று டயராக ஒரு ஸ்டெப்னி போதாதென்று, பின்சீட்டில் பழைய போர்வையைப் போர்த்தி இன்னொரு ஸ்டெப்னியை உட்காரவைத்திருப்பார். பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு அவர் மனைவி. அரசுப் பள்ளி ஆசிரியை என்பதால் எங்களுக்கெல்லாம் அவர் டீச்சர். முன்சீட்டில் டீச்சருக்கு இடம் கிடையாது.

"மோதினா மொதல்ல போறது முன்சீட்டுதானாம் சார்" என்றார் டீச்சர் என்னிடம். "எனக்குப் பக்கத்துல இவன். மூத்த புள்ள மாதிரி. இவனுக்குத்தான் ஜன்னலோரம்."

நாங்கள் சிரித்தோம். ஆனால் அன்றைக்கு அது இரண்டே வண்டி அகலச் சாலை. எதிரே வரும் லாரி நம் பக்கத்தில் வருகிறதா அதன் பக்கத்தில் வருகிறதா என்பது கிட்டே வந்த பிறகுதான் தெரியும். நசுங்கிய வண்டிகளின் புகைப்படங்கள் தினமும் என் மேஜைக்கு வரும். அவர் கற்பனையில் பார்த்துப் பயந்ததையெல்லாம் நான் கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் அதே சாலையில் வீட்டுக்குப் போகும்போது ஸ்டியரிங்கில் என் கையும் வியர்க்கும். நான் அதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

சேர்ந்த மாதமே முதல் தகவல் வந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். "சார், கூட்டேரிப்பட்டாண்ட நின்னுபோச்சு சார்." குரல் நடுங்கியது. விக்கிரவாண்டிக்காரர் ஊரில் இல்லை. டாக்டர் பாதி ஊசியில் நோயாளியை விட்டுவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு பறந்தார். போய்ப் பார்த்தால் நம்மவர் புளியமரத்தடியில் நின்று மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்கிறார். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.

"வண்டிக்கு இன்னாய்யா?"

"ஒன்னும் இல்ல டாக்டர். வர்றீங்களான்னு பாத்தேன். ஒத்திகை."

டாக்டருக்கு அன்று ரத்த அழுத்தம் ஏறியது. அதற்குப் பிறகு இறங்கவேயில்லை என்பது அவர் கட்சி. அடுத்த ஒத்திகையில் ரைஸ் மில்காரர் லாரியோடு வந்து ஏமாந்தார். அதற்கடுத்ததில் கட்சிக்காரரைக் கோர்ட் வாசலில் நிறுத்திவிட்டு வந்த வக்கீல், "இந்த ஆளைத் தூக்குங்க சார், பேஜாரா பூடுச்சு" என்று என் வீட்டு வாசலில் கத்தினார். யாரையும் அப்படித் தூக்கிவிட முடியாது. முதலில் விளக்கம் கேட்டுக் கடிதம், பிறகு விசாரணை, பிறகு பொதுக்குழு. முறைப்படி விசாரித்தேன்.

"பத்திக்கினா அணைக்கிறதுக்குத் தீயணைப்பு ஆபீஸ்ல ஒத்திகை பாக்குறாங்க. அவங்கள யாராச்சும் கேக்கறாங்களா சார்?" என்றார் அவர். நியாயமாகத்தான் பட்டது. எச்சரித்து அனுப்பினேன்.

அவர் எங்களை மட்டும் சோதிக்கவில்லை என்பது டீச்சர் சொல்லித்தான் தெரியும். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வந்தா, வூட்டு கேட் தூண்ல கயிறு கட்டி அவுத்துக்கினு கெடக்கறாரு சார். கண்ண வேற மூடிக்கினு." யாருக்காவது உதவப் போக வேண்டி வந்துவிடுமோ என்பதுதான் அவருடைய ஆகப் பெரிய பயம். மாட்டுவண்டிக்காரர்களே ஹார்ன் அடித்து வழி கேட்கும் வேகத்தில் போகிறவரை யார் கூப்பிடப் போகிறார்கள்? ஆனாலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்வார்.

"மழைல மட்டும் என்னக் கூப்புட்றாதீங்க சார். எனக்குக் கை காலெல்லாம் ஒதறும்."

வருடங்கள் ஓடின. சாலையை நாலு வழியாக்கினார்கள். எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. ஓர் ஐப்பசியில் என் மனைவியோடு திண்டிவனம் தாண்டிப் பெருமுக்கல் பக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். அவளுக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த சமயம். ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியாது. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மெயின் ரோட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தரைப்பாலம். போகும்போது காய்ந்து கிடந்த பாலம்தான். நடுவில் போனபோது ஏரி எங்கோ உடைத்துக்கொண்டிருக்க வேண்டும், தண்ணீர் சட்டென்று ஏறியது. இஞ்சின் ஒரு விக்கல் விக்கி அணைந்தது.

இரண்டு பக்கமும் ஆள் இல்லை. தண்ணீர் கதவின் அடியில் தட்டிக்கொண்டிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டேன், கிளினிக்கில் கூட்டம் என்றார். மில்காரர் போன் அணைந்திருந்தது. வக்கீல், "கிட்டத்துல இருக்கிற உறுப்பினர்தானே சார் போகணும்? நீங்க எழுதின விதிதானே?" என்றார். மிகச் சரி. கிட்டத்தில் இருந்த உறுப்பினர் திண்டிவனத்தில் இருந்தார்.

"அவரா?" என்றாள் மனைவி. "மேகம் கருத்தாலே வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடறவராச்சே. வரவே மாட்டாருங்க." அவள் செருப்பு மிதந்து என் காலடிக்கு வந்தது.

அவரையே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டார்: "சார், ஒத்திகையா, நெசமா?"

"நெசங்க. தண்ணி ஏறுது. இவளால நடக்க முடியாது."

அவர் வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "கண்ணாடிய எறக்கி வுட்ருங்க சார். அப்புறம் கதவு தொறக்காது. வண்டிய ஸ்டார்ட் மட்டும் பண்ணாதீங்க. நான் கெளம்பிட்டேன்."

அவர் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே காதில் விழுந்தார். திண்டிவனத்திலேயே ஹார்ன் மேல் வைத்த கையை எடுக்காமல் வந்திருக்கிறார். மழைக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள், ஆள் நடக்கிற வேகத்தில். தண்ணீர் என் சீட்டைத் தொட்டிருந்தது. என் மனைவி என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். அவர் மேட்டிலேயே வண்டியைத் திருப்பி, பின்புறம் எங்களைப் பார்க்க நிறுத்தினார். கயிற்றின் ஒரு முனையைத் தன் வண்டியில் கட்டினார். சிலுவை போட்டுக்கொண்டார். விபூதியை எடுத்து நெற்றியிலும் பூசிக்கொண்டார். மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"பயமா இருக்குது சார்!" என்று கத்தினார். "எதனா பேசிக்கினே இருங்க சார்!"

என் மனைவிதான் பேசினாள். "டீச்சர் சௌக்கியங்களா?" என்று கேட்டாள்.

"சௌக்கியம்மா! வூட்லயே வுட்டுட்டேன். ரெண்டு பேரும் போய்ட்டா புள்ளைங்களுக்கு யாரு சொல்றது?"

எங்கள் வண்டியின் முன்கொக்கி தண்ணீருக்குள் இருந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குனிந்து, தடவி, கட்டினார். அவர் வீட்டு கேட் தூண் என் ஞாபகத்துக்கு வந்தது. முதல் கியரில், அந்த ஹார்ன் சத்தத்தோடு, எங்கள் வண்டி கரையேறியது.

ஏறியதோடு சரி; அது இனி ஓடாது. அவர் வண்டிக்குத்தான் மாற வேண்டும். பின்சீட்டில் போர்வைக்குள் மூத்த பிள்ளை உட்கார்ந்திருந்தான். ஆபரேஷன் செய்த காலை நீட்ட இடமில்லை. அவர் ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு தூக்கிச் சாலையோரத்தில் போட்டார்.

"அம்மா காலை நீட்டிக்கினு உக்காரட்டும். ஜல்தி சார்."

"ஸ்டெப்னி?"

"கெடக்கட்டும் சார்."

என்னை முன்சீட்டில் உட்காரவைத்து, மாதாவைக் கும்பிட்டுக்கொள்ளச் சொன்னார். திண்டிவனம் வரும் வரைக்கும் வாய்க்குள், "ஒன்னுதான் இருக்குது, ஒன்னுதான் இருக்குது" என்று முனகிக்கொண்டே வந்தார்.

மறுநாள் போய்த் தேடினோம். வெள்ளம் அதைக் கொண்டுபோயிருந்தது. புதிதாக ஒன்று வாங்கிப் போய்க் கொடுத்தேன். தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், "காத்து எறங்காதுல்ல சார்?" என்று கேட்டார்.

அதற்குச் சில வருடங்கள் கழித்து ஒரு மதியத் தூக்கத்திலேயே போய்விட்டார். பயப்பட அவகாசமே இருந்திருக்காது என்றார் டாக்டர். அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. டீச்சர் காரை விற்றபோது அந்த டயரை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பினார்.

மாப்பிள்ளைக்கு இதையெல்லாம் சொன்னேன். கிளப்பில் சேருங்கள், ஆனால் பயந்த ஆள் ஒருவராவது அதில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் காரின் பின்கதவைத் திறந்தவர், போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"மாமா, இந்த டயர் உங்க வண்டிக்குச் சேரவே சேராதே. எடத்த அடைச்சிக்கினு எதுக்கு இங்க?"

"கெடக்கட்டும் மாப்பிள்ள" என்றேன்.