வழக்கில்லாதவர் மட்டும்

"பள்ளி மார்க் போதும். இங்கிலீஷ் தேர்வும் பாஸ் பண்ணிட்டீங்க. ஆனா கோர்ட்டுல சொந்த வழக்கு நிலுவையில இருந்தா சேர்த்துக்க முடியாதும்மா" என்றார் கல்லூரி எழுத்தர்.

அவள் முகம் தொங்கிப்போயிற்று. சட்ட உதவியாளர் பயிற்சிக்கு வேண்டிய எல்லாத் தகுதியும் அவளிடம் இருந்தது. கூடவே ஒரு வழக்கும் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரரோடு சந்து வழக்கு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டர் நுழையும் அகலத்தில் ஒரு சந்து. அது யாருடையது என்று வருடக்கணக்காக வாய்தா மேல் வாய்தா. கோர்ட்டு வராந்தாவில் காத்துக் கிடந்துதான் அவளுக்குச் சட்டத்தின் மேல் ஆசையே வந்தது. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு தனக்கென்று அவள் கேட்டது இந்த ஒரு படிப்பைத்தான். இதை விட்டால் அடுத்த சேர்க்கை மூன்று வருடம் கழித்து.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வழக்கு முடிஞ்ச பேப்பரைக் காட்டுங்க. சீட்டு தர்றோம்" என்றார் எழுத்தர்.

வழக்கை வாபஸ் வாங்கப் போவதாக அவள் சொன்னதும் அவளுடைய வக்கீல் பதறிப்போனார். அந்த வழக்கு அவருக்குப் பென்ஷன் மாதிரி.

"ஜெயிக்கிற நேரத்துல வாபஸா? சரி, நீங்க மட்டும் வாங்கினா போதாது. அவரும் எதிர் வழக்கு போட்டிருக்காரே. அவர் கையெழுத்தும் வேணும்."

அந்த மனிதருக்கு அவள் வீட்டில் 'எதிர்வாதி' என்றே பெயர். அவர் வீட்டு வாசலில் போய் நின்று, வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அண்ணா..."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். "யாரைக் கூப்பிடுறீங்க?"

"உங்களைத்தாண்ணா. எதுக்கு இந்தச் சண்டை? சமாதானமாப் போயிடலாமே."

"திடீர்னு என்ன?"

"மன நிம்மதிதான்."

அவர் மீசையை நீவினார். "அப்ப சந்து எனக்கு."

"சரிண்ணா."

அங்கேதான் தப்பு செய்தாள். காய்கறிக் கடையில் கொத்தமல்லிக்குக்கூடப் பேரம் பேசுகிறவள், இங்கே ஒரு பேச்சுக்காவது முரண்டு பிடித்திருக்கலாம். அவர் கண் சுருங்கியது.

"உங்க ஜன்னல் சன்ஷேடு என் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு. இடிக்கணும்."

"இடிச்சிடுறேன்."

"அந்தத் தூசி என் சுவத்துல படும். வெள்ளையடிச்சுக் குடுக்கணும்."

இனி வாயே திறக்கக் கூடாது என்று அவள் பேசாமல் நின்றாள். அவர் அதையும் சம்மதமாக எடுத்துக்கொண்டு, சந்துக்கு அவள் செலவில் ஓர் இரும்புக் கேட்டு போட்டுத் தர வேண்டும் என்பதையும் சேர்த்துவிட்டார்.

"சந்து போச்சுன்னா என் ஸ்கூட்டரை எங்க விடுறது?" என்று கேட்டார் அவள் கணவர்.

"ஹால்ல விடுங்க."

அன்று மாலையே ஸ்கூட்டர் டி.வி. பக்கத்தில் வந்து நின்றது. அதன் மேல் காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டினால்தான் சமையலறைக்குப் போக முடியும்.

"ஜெயிக்க வேண்டிய வழக்குல தோத்துட்டு, சட்டம் படிக்கப் போறாளாம்!" என்று சொல்லிக்கொண்டே பெட்ரோல் வாசனைக்கு நடுவே செய்தி பார்த்தார் கணவர்.

வெள்ளிக்கிழமை காலை வக்கீல் அலுவலகத்துக்கு எதிர்வாதி அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு நிபந்தனை கொண்டுவந்திருந்தார்.

"இத்தனை வருஷமும் தப்பு அவங்க பேர்லதான்னு ஒரு வரி எழுதணும்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று, மானம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. வகுப்பறையை ஒருதரம் நினைத்துப் பார்த்துக்கொண்டு அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதைக் கோர்ட்டில் கொடுத்து முத்திரை விழுந்ததுதான் தாமதம், அவர் ஒரு நகலைப் பிடுங்கிக்கொண்டு ஆட்டோவைப் பார்த்து ஓடினார்.

'ஜெயிச்ச திமிர்!' என்று பல்லைக் கடித்தபடி அவள் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனாள். மூச்சு வாங்கத் தன் நகலை எழுத்தரிடம் நீட்டினாள்.

அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"வேண்டாம்மா, உங்க வழக்கு முடிஞ்சது எனக்குத் தெரியும். கோர்ட்டு பெஞ்சுல உட்கார்ந்து உட்கார்ந்தே சட்டத்து மேல ஆசை வந்துடுச்சுன்னு சொல்லி, உங்க எதிர்வாதி இப்பதான் இதே பேப்பரைக் காட்டிச் சேர்ந்துட்டுப் போறாரு."