இருபத்தொன்றா, இருபத்தேழா?

டார்ரெல் படகின் வேகக் கைப்பிடியை முழுக்க முன்னே தள்ளியிருந்தான். எஞ்சின் உறுமியதே தவிர, முள் ஐயாயிரத்தைத் தாண்டவில்லை. நிமிடத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறிலிருந்து ஆறாயிரம் சுற்றுக்குள் ஓட வேண்டும் என்று எஞ்சினோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது.

“சனிக்கிழமையும் இப்படியே போனா உங்கண்ணன் கையாட்டி வழியனுப்புவான்,” என்றான் மனைவியிடம்.

மார்லாவின் அண்ணன் கர்டிஸும் அவன் மனைவி ரினேயும் இந்த ஏரியில் நடக்கும் தம்பதியர் மீன்பிடிப் போட்டியை மூன்று வருடமாக ஜெயிக்கிறார்கள். மூன்று வருடமும் டார்ரெலுக்கு இரண்டாமிடம்.

“ஏரிக்கு வர்ற ஆத்துல மேல எங்கேயோ ரகசியமா ஒரு இடம் வச்சிருக்கான். நமக்கு முந்தி ஓடிப்போய் உக்காந்துக்கிறான். வேகம்தான் மார்லா, வேற ஒண்ணுமில்ல. இந்த வருசமும் தோத்தா படகை வித்துட்டு கோல்ஃப் ஆடப் போறேன்.”

கோல்ஃப் ஆட அவனுக்கு மனைவி தேவையில்லை. மார்லா கோழி ஆலையில் வாரம் ஐந்து நாள் குளிரில் நின்று கறி வெட்டுகிறவள். சனிக்கிழமை இந்தப் படகின் முன்மேடையில் தூண்டிலோடு நிற்கும்போதுதான் அவள் முதுகு நிமிரும்.

“ப்ரொப்பெல்லர மாத்து. இது இருபத்தஞ்சு. குறைச்சு எடு,” என்றாள்.

ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றுக்குப் படகை எத்தனை அங்குலம் தள்ளப் பார்க்கும் என்பதுதான் அந்த எண். எண் ஏற ஏற எஞ்சினுக்குச் சுமை. இது டார்ரெலுக்கும் தெரியும். மனைவி சொல்லாமல் இருந்திருந்தால் தானே சொல்லியிருப்பான்.

“வேகம் வேணுங்கிறேன், குறைக்கச் சொல்றியே!”

இருபத்தேழை வாங்கி மாட்டினான். படகு மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு அரை மைல் உழுதது. வாத்து ஒன்று அவர்களை முந்திப் போனது.

மறுபடி கடை. கடைக்காரர் ஹாய்ட் நல்லவர். மாட்டிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் மாற்றித் தருவார். பெண் பேசினால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

“ரெண்டு ஆளு, முழு டேங்க் பெட்ரோல், மீன் தொட்டி நிறையத் தண்ணி. இந்த எடைக்கு இருபத்தொண்ணுதான் சரி,” என்றாள் மார்லா.

ஹாய்ட் டார்ரெலைப் பார்த்தார். “நீ என்னப்பா சொல்ற?”

“இருபத்தொண்ணு.”

“அப்படிச் சொல்லு! விசயம் தெரிஞ்ச ஆளு!”

அன்று மாலை மார்லா வேலைக்குப் போயிருந்தாள். டார்ரெல் தனியாகப் படகை இறக்கினான். கால் டேங்க் பெட்ரோல், வறண்ட தொட்டி. முள் ஆறாயிரத்து இருநூறுக்குப் போய் எச்சரிக்கை மணி அலறியது.

“எஞ்சின் வெடிச்சிருக்கும்! எல்லாம் உன் யோசனை!” கடையில் அவனுடையதாக இருந்த யோசனை, வீட்டுக்கு வந்ததும் அவளுடையதாகிவிட்டது.

மறுநாள் இருபத்துமூன்று. அதையும் தனியாகவே ஓட்டினான். ஐயாயிரத்து எண்ணூறு. படகை விட்டு இறங்கி ப்ரொப்பெல்லருக்கு முத்தம் கொடுத்தான். இருபத்தொன்றைத் திருப்பிக் கொடுக்க வண்டியில் போட்டவன், கொடுக்க மறந்துவிட்டான்.

சனிக்கிழமை விடிந்தது. முழு டேங்க், நிறைந்த தொட்டி, மார்லா, அவனுடைய பதினான்கு தூண்டில் பெட்டிகள். சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். ஐயாயிரத்து முந்நூறு.

டார்ரெல் வியர்த்துப்போய்ப் பாரத்தைக் குறைக்க ஆரம்பித்தான். நங்கூரம் இறங்கியது. ஐஸ் பெட்டி இறங்கியது. மார்லாவின் சாண்ட்விச்சும் இறங்கியது. பெட்டிகளில் ஒன்றுகூட இறங்கவில்லை. பிறகு மார்லாவையே ஒரு மாதிரி பார்த்தான்.

“தம்பதியர் போட்டி, டார்ரெல்.”

“தெரியும். சும்மா பாத்தேன்.”

மார்லா வண்டியிலிருந்து இருபத்தொன்றை எடுத்தாள். ஸ்பேனரையும் எடுத்தாள். பத்து நிமிடத்தில் மாட்டி முடித்தாள். அவன் வாயைத் திறந்தபோது ஸ்பேனரைக் கீழே வைக்காமலே திரும்பினாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

படகு அம்பாகப் பாய்ந்தது. ஐயாயிரத்து எழுநூற்றைம்பது. ஆற்றில் மேலே முப்பது மைல், எல்லோருக்கும் முந்தி. “பாத்தியா, நான் தேர்ந்தெடுத்த ப்ரொப்பெல்லர!” என்று கத்தினான். மார்லா ஐந்து மீன் பிடித்தாள். பதினெட்டு பவுண்டு.

மாலையில் எடை போட்டார்கள். கர்டிஸுக்குப் பத்தொன்பது.

டார்ரெல் தொப்பியைக் கழற்றினான். “அவ்வளவுதான். நாளைக்கே படகுல விலை எழுதி ஒட்டுறேன்.” போட்டி விதிப்படி அவனும் மார்லாவும் படகுத் துறையில் குனிந்து, ஐந்து மீனையும் உயிரோடு தண்ணீரில் விட்டார்கள்.

ரினே வெற்றிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டுப் பதறி ஓடிவந்தாள்.

“அய்யோ அண்ணே, வித்துடாதீங்க! வருசா வருசம் அவ்வளவு தூரத்துல இருந்து நல்ல மீனாப் பிடிச்சுட்டு வந்து துறையில விடுறது நீங்கதானே! நீங்க நிறுத்திட்டா, இங்கேயே நின்னு பிடிக்கிற நாங்க எங்க போவோம்?”