மூவாயிரத்து அறுநூறு அடி உயரத்து அன்னம்

வாழ்க பழனியாண்டி. தேயிலை மலைகள் மதிலாய் நிற்க, மூடுபனி வெண்குடையாய்க் கவிய, நோர்வூட் பக்கத்து நீர்த்தேக்கத்தின் ஏகாதிபதியாய், கழுத்துக் கோணிய ஒற்றை அன்னப்படகின் உடைமையாளனாய், இருவர் மிதிக்க இருவரும் மூச்சு வாங்க உல்லாசம் வழங்கும், தோட்டத் தொழிலாளர் லயத்து வேந்தன் வாழ்க.

ஏப்ரல் சீசன் நெருங்கிற்று. கொழும்புச் சீமான்கள் குளிர் தேடி மலையேறும் அந்த ஒரு மாதத்தை நம்பித்தான் அவன் வீட்டு அடுப்பு எரியும். அவ்வேளை பார்த்து இறங்கியது ஆணை: பிறருக்கு நேரும் சேதத்துக்குப் பொறுப்புக் காப்புறுதி இல்லாத படகு நீரைத் தொடலாகாது. மாடு நடக்கும் வேகத்தில் வந்து முட்டும் அன்னத்தின் பேரபாயத்தை இந்த நாடு இத்தனை காலம் எப்படித் தாங்கியதோ தெரியவில்லை.

வெகுண்டெழுந்தான் வேந்தன். தீபாவளிச் சட்டையே கவசமாக, கடதாசிகள் திணித்த பையே கேடயமாக, பஸ்ஸில் ஒற்றைக்காலில் தவம் செய்து ஹட்டனை அடைந்து, அந்த ஊர்க் குளிர் போதாதென்று ஏசியும் போட்டிருந்த காப்புறுதிக் கோட்டையை முற்றுகையிட்டான். கண்ணாடிக்குப் பின்னிருந்த முத்திரையேந்திய பெருவீரன் நிரஞ்சன், பதினொரு பக்கப் படிவத்தை எய்தான். உல்லாசப் படகுக்கும் சொந்த விமானத்துக்கும் அது ஒன்றே படிவம். தலைமையகத்துக்கு இரண்டும் பணக்காரர் பொழுதுபோக்கு.

கடற்கொள்ளையர் தொல்லை உண்டா என்றது படிவம்.

"கொக்குதான் வருங்க சேர்."

"ஒரு கேள்வியையும் சும்மா விடாதீங்க அண்ணே. கொழும்புல திருப்பி அனுப்பிருவாங்க," என்றான் நிரஞ்சன்.

எனவே ஒன்பதாம் பக்கத்தில், 'கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இயங்கும்?' என்ற அம்பு பாய்ந்தபோது வேந்தன் கலங்கவில்லை. மலையில் பிறந்தவனுக்குத் தன் ஊர் உயரம் தெரியாதா? மூவாயிரத்து அறுநூறு அடி என்று சத்தியம் வழுவாமல் எழுதினான். முத்திரை விழுந்தது.

பத்தாம் நாள் பத்திரம் வந்தது. அவன் மனைவி மீனம்மா அன்னத்தின் நெற்றியில் குங்குமமிட, லயமே திரண்டு கரை வரை தள்ளிக்கொண்டு போயிற்று. அங்கே அனுமதி வழங்கும் உத்தியோகத்தர் பத்திரத்தை இரண்டு முறை வாசித்தார். அத்தனை உயரத்தில் இயங்குவது வேறென்னவாக இருக்க முடியும் என்று தீர ஆராய்ந்து, தலைமையகத்து மேதைகள் அன்னத்தைச் சிறு விமானம் எனக் கண்டுபிடித்திருந்தார்கள். வானிலிருந்து அது எவர் தலைமேல் விழுந்தாலும் முழு நட்டஈடு உண்டு. நீரில் இறங்கினால் மட்டும் செல்லாது.

"இது பறக்கிறதுக்குத்தான். மிதக்கிறதுக்கு வேற எடுக்கணும்," என்றார் அவர்.

"கேட்டதுக்கு உள்ளதைத்தானே சேர் எழுதுனேன்," என்றான் பழனியாண்டி.

திருத்தத்துக்கு ஆறு வாரம். சீசன் முடிய நாலு வாரம். இவ்வாறாக, இலங்கை வானத்தையே ஆளும் உரிமை பெற்றும் ஒரு முழ நீரை ஆளும் உரிமை இழந்த அம்மாவீரனின் ஒப்பற்ற வாகனம், காண்போர் கண்பட, லயத்து முற்றத்தில் மீண்டும் எழுந்தருளிற்று.

அந்த ஏப்ரல் முழுக்க மீனம்மா அதன் கழுத்தில் துணி காயப்போட்டாள்.