எருவைத் தொடாதே!

இனி இந்த வீட்டில் கசப்புத் தோசை கிடையாது என்று சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான் எடுத்தேன். வீடு என் மனைவி பெல்டனுடையது. வயல், மாடு, தோசைக்கல், எல்லாமே அவளுடையது. பூட்டானில் எங்கள் பும்தாங் பக்கம் சொத்து மகளுக்குத்தான். கல்யாணம் ஆனதும் ஆண்தான் மூட்டை கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நான் வந்த நாள் முதல் தினமும் கசப்பு பக்வீட் என்கிற மலைத் தானியத்தில் தோசை. ஒரு வாய் தின்றால் காது வரைக்கும் கசக்கும்.

திம்புவிலிருந்து வந்த விவசாய ஆபீஸர் வழி காட்டினார். ஒரே வயலில் பாதி இனிப்பு பக்வீட், பாதி கசப்பு பக்வீட் விதைக்க வேண்டும். எது அதிகம் விளைகிறது, எதில் சத்து அதிகம் என்று அவர் பார்ப்பாராம்.

"இனிப்புப் பாதி என்னோடது," என்றேன். "எது ஜெயிக்குதோ அடுத்த வருஷம் வயல் பூரா அதுதான். சம்மதமா?"

"சம்மதம். ஆனா கொட்டாயில கிடக்கிற எருவை மட்டும் தொடக் கூடாது. அது என் பாதிக்கு!"

"உன் எரு யாருக்கு வேணும்!"

அவள் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நான் மாட்டுக் கொட்டாயில் இருந்தேன். சாணமும் பைன் சருகுமாக மக்கிக் கிடந்ததைக் கூடை கூடையாக என் பாதிக்குச் சுமந்தேன். பக்கத்து வீட்டு சிங்யே வேலியோரம் நின்றான்.

"என்ன மாப்பிள்ளை, திடீர்னு பொறுப்பு வந்துடுச்சு?"

"மெதுவாப் பேசுய்யா. அவ காதுல விழப் போகுது."

என் பயிர் நெஞ்சு உயரம் வளர்ந்தது. அவளுடையது இடுப்பைக்கூடத் தொடவில்லை. இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டேன்.

அப்புறம் ஒரே ஒரு மழை. என் பாதி பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. எனக்குத் தேறியது ஒரு சாக்கு, அவளுக்கு ஐந்து. "எரு அதிகமானா தண்டு தாங்காதே, யார் போட்டது?" என்றார் ஆபீஸர். நான் மலையைப் பார்த்தேன். தானியத்தைச் சோதனைக்கு அனுப்பினார். அங்கேயும் ரத்தக் குழாய்க்கு நல்லது என்கிற ரூட்டின் சத்து கசப்பில்தான் பல மடங்கு.

"எரு அதிகமா போட்டா படுத்துடும்னு உனக்குத் தெரியுமா?" என்று பெல்டனைக் கேட்டேன்.

"வயக்காட்டுல பொறந்த எல்லாருக்கும் தெரியும். நீங்க மலையில யாக் மாடு மேய்ச்ச வீட்டுப் பிள்ளை, பாவம்."

"அப்புறம் ஏன் தொடாதேன்னு சொன்ன?"

"கொட்டாயைச் சுத்தம் பண்ணுங்கன்னு எத்தனை வருஷமா கெஞ்சினேன்? அசைஞ்சீங்களா? இப்ப பாருங்க, தரை பளபளங்குது!"

மறுநாள் காலை என் தட்டில் இனிப்பு பக்வீட் தோசை. அந்த ஒரு சாக்கை எனக்கென்றே தனியாக எடுத்து வைத்துவிட்டாளாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவளிடம் தோற்பதும் சுகம்தான்.

"சாப்பிடுங்க. பின்னால கிடக்கிற மரத்தை மட்டும் தொட்டுடாதீங்க."

மறுபடியும் ஏமாறுவேனா? "சத்தியமா தொட மாட்டேன்!" என்றேன்.

"நல்லதுங்க. அதை சிங்யே வந்து பிளந்து தர்றாரு. பதிலுக்கு நீங்க அவர் கொட்டாயைச் சுத்தம் பண்றதா சொல்லிட்டேன். அந்த வேலையில உங்களை மிஞ்ச ஆளே இல்லையாம்."

எங்களுக்கு இரண்டு மாடு. சிங்யேக்குப் பதினொன்று.