அட்டாச்மெண்ட்டும் நாலு கட்டில் கால்களும்

லேத்து இல்லாமலேயே லேத்துக்குச் சக் வாங்கிய ஒரே ஆள் செஞ்சி தாலுகாவில் நான்தான். சக் என்பது கடைசல் லேத்தில் மரக்கட்டையைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு வாய். நாலு தாடை, ஒரு சாவி, வைத்துக்கொள்ள ஒரு பெட்டி. செல்போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் மரக்கிண்ணம் கடைவதை வரிசையாக நாற்பது வீடியோ பார்த்திருந்தேன். அதன் கீழேயே சக் விளம்பரம் வந்து, தள்ளுபடி முடிய இன்னும் பதினொரு நிமிடம்தான் என்று திரையில் கடிகாரம் ஓடியதும் விரல் தானாக அழுத்திவிட்டது. ஐம்பத்து மூன்று வயதுவரை ஓர் ஆணியைக்கூட நேராக அடித்திராத மனிதனைத் தேடி மூன்றரைக் கிலோ இரும்பு வீட்டுக்கே வந்தது. என் மனைவி பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனம் நல்லா இருக்கு. ஊறுகாய் ஜாடி மேல வெக்கலாம்" என்றாள்.

அந்தக் கதியிலிருந்து சக்கைக் காப்பாற்ற நான் தூக்கிக்கொண்டு போன இடத்தில்தான் அட்டாச்மெண்ட் எனக்குப் பழக்கமானார். ஒரு பொருளைச் செய்வதற்கு முன்னால் அதைச் செய்ய உதவும் பொருளைச் செய்து, அதற்கு உதவும் இன்னொன்றையும் செய்து முடித்துவிட்டு, முதலில் என்ன செய்ய உட்கார்ந்தோம் என்பதையே மறந்துபோவதில் அவருக்கு இணையான ஆள் வட தமிழ்நாட்டில் கிடையாது. தென் தமிழ்நாட்டு நிலவரம் எனக்குத் தெரியாது. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ஊருக்கு அவர் அட்டாச்மெண்ட்தான். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

தாலுகா ஆபீசுக்குப் போகும் வழியில் ஒரே ஷட்டருக்குள் இரண்டு கடை. முன்பாதியில் அவர் மனைவி கஸ்தூரியம்மாவின் ஜெராக்ஸ் கடை. பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணவரின் கடைசல் பட்டறை. முன்பாதி சம்பாதித்தது. பின்பாதி யோசித்தது.

நான் நீட்டிய சக்கை அட்டாச்மெண்ட் வாங்கி, காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்தார். டாக்டர் போல முகத்தில் எதையும் காட்டவில்லை.

"சக் நல்லா இருக்குது சார். லேத்து இன்னா மாடல்?"

"லேத்து இல்ல."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்காத முதல் மனிதர் அவர்தான். "அதுக்கு இன்னா சார், அப்புறம் வாங்கிக்கலாம். மொதல்ல இதை என் லேத்துல மாட்ட ஒரு வளையம் செஞ்சிடறேன்" என்றார். வளையம் செய்ய ஒரு மாதம் ஆனது. வளையத்தைக் கழற்றும் ஸ்பேனர் செய்ய இன்னும் இரண்டு மாதம்.

அவருடைய லேத்தை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு லேத்து தெரியாது. அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் சாமான்கள்தான் தெரியும். உளியைத் தாங்கும் கட்டை, பழைய மொபெட்டின் ஷாக் அப்சார்பர் மேல் நின்றது. வேண்டிய உயரத்துக்கு இறங்கும், வேண்டாதபோதும் இறங்கும். நீளமான கட்டை சுற்றும்போது ஆடாமலிருக்க மூன்று பக்கமும் சூட்கேஸ் சக்கரங்கள் முட்டுக்கொடுத்தன. வட்டத்தைச் சரிபாகமாகப் பிரிக்க சைக்கிளின் பல் சக்கரம் ஒன்று பின்னால் மாட்டியிருந்தது. காலால் அமுக்க தையல் மிஷின் பெடல். வெளிச்சத்துக்கு, குக்கர் மூடிக்குள் பல்பு வைத்த ஒரு விளக்கு, ஸ்பீக்கர் காந்தத்தின் உதவியால் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை என் சட்டைப்பையிலிருந்த சாவிக்கொத்திலும் ஒட்டிக்கொண்டது.

"இதுல இதுவரைக்கும் என்னென்ன கடைஞ்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

நியாயமான கேள்வி என்றுதான் நினைத்தேன். அவர் கூரையைப் பார்த்து விரல் மடக்கினார்.

"ஒரு பம்பரம் கடைஞ்சேன் சார். அது டெஸ்டிங்குக்கு."

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கஸ்தூரியம்மாவின் குரல் வந்தது. "அதுவும் சுத்தல சார்."

உண்மையில் கஸ்தூரியம்மாவின் குறை பம்பரம் அல்ல, தூள். மரத்தூளை உறிஞ்சி வெளியேற்ற, பழைய ஏர்கூலரின் விசிறியையும் பிளாஸ்டிக் குழாயையும் இணைத்து அட்டாச்மெண்ட் ஒரு கருவி செய்திருந்தார். அது தூளை உறிஞ்சியது. வெளியேற்றியது தடுப்புக்கு அந்தப் பக்கம். ஜெராக்ஸ் மிஷின் எல்லாக் காகிதத்திலும் நடுவில் குறுக்கே ஒரு தடித்த கறுப்புக் கோடு போட ஆரம்பித்தது. ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், பட்டா, எதுவானாலும் அந்தக் கோடு உண்டு. என் கட்டுரை ஒன்றைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் பிரதி எடுத்தேன். மூன்றாம் பத்தி முழுக்க அடித்ததுபோல் வந்தது. பத்திரிகையில் அந்தப் பத்தியை எடுத்துவிட்டே போட்டார்கள். கட்டுரை நன்றாக இருந்ததாக நாலு பேர் சொன்னார்கள்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையவில்லை. தாலுகா ஆபீசில் கோடு போட்ட விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஜனங்கள் எதிர்ச்சாரியிலிருந்த இன்னொரு ஜெராக்ஸ் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒருநாள் நான் உள்ளே நுழையும்போது கஸ்தூரியம்மா கணவரை நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தாய்யா, நல்லாக் கேட்டுக்க. இந்த லேத்துல ஒரே ஒரு வேலை, முழுசா செஞ்சி வெளிய குடுத்துட்டேன்னு காட்டு. அப்புறம் லேத்து அங்கியே கெடக்கட்டும், நான் வாயத் தெறக்க மாட்டேன். இந்த ஆவணி முகூர்த்தத்துக்குள்ள காட்டலன்னா, மறுநாள் காயலாங்கடை வண்டி வந்து நிக்கும்."

அட்டாச்மெண்ட் தலையசைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் பெயரும் முகவரியும் எழுதியிருந்தது.

வல்லத்தில் எனக்குத் தெரிந்த வேர்க்கடலை வியாபாரி ஒருவர் இருந்தார். மண்டிக்காரர் என்றுதான் எல்லோரும் அழைப்போம். அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். சீர்க் கட்டிலுக்குச் சட்டமும் தலைமாட்டுப் பலகையும் தயார், கடைசல் போட்ட நாலு கால் மட்டும் வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தார். மகள் செல்போனில் ஒரு படம் காட்டியிருந்தாள். குடம், கழுத்து, கீழே தாமரை மொட்டு. நான் குறுக்கே விழுந்து அந்த வேலையை வாங்கிக்கொண்டு வந்தேன். தேக்குக் கட்டைகள் வந்து இறங்கின. இருபது நாள் கெடு.

சாதாரணக் கடைசல்காரர் அந்த நாலு காலை இரண்டு நாளில் முடித்திருப்பார். அட்டாச்மெண்ட் முதல் நாளே கட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நாலும் ஒண்ணு மாதிரி இருக்கணும் சார். கையால கடைஞ்சா வித்தியாசம் வந்துடும். அதுக்கு ஒரு அட்டாச்மெண்ட் செஞ்சிடறேன்."

அன்றிலிருந்து பதினேழு நாள் அவர் கட்டையைத் தொடவில்லை. மேசை டிராயர் ஓடும் இரும்புத் தண்டவாளங்களை வாங்கிவந்தார். அவற்றின்மேல் மரம் சீவும் சின்ன மிஷின் ஒன்று இங்கும் அங்கும் ஓடுமாறு வைத்தார். மிஷினிலிருந்து ஓர் இரும்பு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் மாதிரிக் கால் ஒன்றை அசையாமல் படுக்கவைத்துவிட்டால், விரல் அதைத் தடவிக்கொண்டே போகும். விரல் உள்ளே போனால் முன்னால் சுற்றும் கட்டையில் மிஷினும் உள்ளே போய்ச் சீவும். மேடு வந்தால் விலகும்.

நான் தினமும் போய்க் கெடுவை ஞாபகப்படுத்துவேன். அவர் தினமும் ஒரு நட்டைக் காட்டுவார். கஸ்தூரியம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, காயலாங்கடை நம்பர் எழுதிய சீட்டைக் கல்லாவிலிருந்து எடுத்து, தூசி தட்டி, மறுபடி உள்ளே வைப்பார்.

பதினெட்டாம் நாள் மிஷின் தயார். மாதிரிக் கால்தான் இல்லை. அட்டாச்மெண்ட் தரையில் படுத்து ஏதோ ஒரு தண்டவாளத்தை இறுக்கிக்கொண்டே சொன்னார்.

"மாதிரிய நீங்க கடைஞ்சிடுங்க சார்."

"நானா?"

"இவ்ளோ அட்டாச்மெண்ட் இருக்குது. உளியப் புடிச்சிக்கினா போதும். மிச்சத்த அதுங்களே பாத்துக்கும்."

நாற்பது வீடியோ பார்த்தவன் என்ற திமிர் எனக்கும் இருந்தது. ஹெல்மெட் கண்ணாடியில் செய்த முகமூடியை மாட்டிக்கொண்டு பெடலை அமுக்கினேன். சொல்லக்கூடாது, நன்றாகவே வந்தது. குடம் குடம் போலவே இருந்தது. மொட்டு, பார்ப்பவருக்கு நல்ல மனசிருந்தால், மொட்டு. கடைசியில் கழுத்தை மெருகேற்றும்போது ஷாக் அப்சார்பர் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. உளி டக்கென்று மரத்தில் பாய்ந்தது. லேத்து நின்றபோது கழுத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம்.

"இன்னா சார் சத்தம்?" என்று தரையிலிருந்து குரல்.

"ஒண்ணுமில்ல. உளியைக் கீழ வெச்சேன்."

இரண்டு நாள்தான் பாக்கி. வேறு கட்டையும் கிடையாது. மாதிரிக் காலை அட்டாச்மெண்ட்டின் மிஷினில் நானே படுக்கவைத்தேன். அவர் கண்ணில் படாமலிருக்கப் பள்ளத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தேன். அந்தப் பின்பக்கத்தில்தான் இரும்பு விரல் தடவிக்கொண்டு போகும் என்பது, பதினேழு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவனுக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. இருபதாம் நாள் காலையில் மிஷின் ஓடியது. அது ஓடியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அப்படியொரு அழகு. விரல் அங்கே தடவ, இங்கே தேக்கிலிருந்து குடம் தானாகப் பிறந்தது. கஸ்தூரியம்மாகூட தடுப்பைத் திறந்து எட்டிப்பார்த்தார். முக்கால் மணிக்கு ஒரு கால் வீதம் மூன்று கால்கள் இறங்கின. விரல் ஒவ்வொரு முறையும் என் பள்ளத்துக்குள் பயபக்தியுடன் இறங்கி ஏறியது. கட்டை சுற்றிக்கொண்டிருந்ததால் பள்ளம் அங்கே முழு வளையமாக விழுந்தது. நகம் அளவு ஆழத்தில், கழுத்தைச் சுற்றி, மூன்று கால்களிலும், இம்மி பிசகாமல்.

அட்டாச்மெண்ட் மூன்றையும் நிறுத்திவைத்து ரசித்தார். "பாருங்க சார். அச்சு. ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது." பிறகு மாதிரிக் காலைப் பக்கத்தில் நிறுத்தினார். முகம் மாறியது. நான் வாசலைப் பார்த்தேன்.

"மூணும் ஒண்ணா இருக்குது. இது மட்டும் தப்பு. கழுத்துல வளையம் போட ஆரம்பிச்சி, பாதியில வுட்டுட்டீங்க சார்."

"மறந்துட்டேன்" என்றேன்.

"பரவால்ல. எல்லாருக்கும் ஆகறதுதான்" என்று சொல்லி, என் காலிலும் ஒரு வளையத்தைச் செதுக்கி என் பிழையைத் திருத்தினார்.

அன்று சாயங்காலமே ஒரு மினி வேனில் கால்களை ஏற்றிக்கொண்டு வல்லம் போனோம். வேலை போய்ச் சேர்வதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று கஸ்தூரியம்மாவும் கடையைச் சாத்திவிட்டு வந்தார். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மண்டிக்காரர் கடலை மூட்டையில் கைவிட்டுப் பார்க்கிறவர். ஒவ்வொரு காலாகத் தடவினார். கழுத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"மேஸ்திரி, இது இன்னாத்துக்கு? படத்துல இல்லியே."

அட்டாச்மெண்ட் என்னைப் பார்த்தார். வளையம் என் யோசனை என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் நாலைந்து பேர் சுற்றி வந்து நின்றார்கள். மண்டிக்காரர் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் லேத்து மறுநாள் எடைக்குப் போகும். அது அட்டாச்மெண்ட்டுக்கும் தெரியும். நான் குனிந்து என் செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

"கொசுவலை தூக்கிக்காம இருக்க, கயிற இழுத்துக் கட்டறதுக்குங்க" என்றது கஸ்தூரியம்மாவின் குரல்.

"படத்துல காணமே."

"படத்துல கொசுவும் இல்லீங்களே."

மண்டிக்காரர் யோசித்தார். பந்தல் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தன் கழுத்தில் ஒரு கொசுவை அடித்தார். "வெவரமாத்தான் செஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு மண்டிக்காரர் கால்களை உள்ளே எடுத்துப்போகச் சொன்னார். அவர் மச்சினர் தன் வீட்டுக் கட்டிலுக்கும் அதேபோல் வளையம் வைத்த கால் வேண்டும் என்று நம்பர் வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துப் பிரதி எடுக்கப் போனேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம். ஷாக் அப்சார்பருக்கு ஏதோ ஒரு பூட்டு தயாராகிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ் மிஷினுக்குப் பழைய புடவையில் உறை தைத்துப் போட்டிருந்தது. காகிதம் விடும் இடத்தில் மட்டும் நாடா வைத்த ஒரு சின்ன மூடி. கஸ்தூரியம்மாவிடம் பள்ளத்தைப் பற்றி உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் சார். நீங்க உளிய வெச்ச சத்தத்துல இங்க மிஷினே நின்னுபோச்சி."

"அன்னிக்கு நீங்க சும்மா இருந்திருந்தாலே லேத்து போயிருக்கும். இந்த இடம் முழுக்க உங்களுக்குக் கெடைச்சிருக்குமே."

அவர் நாடாவை அவிழ்த்து, காகிதத்தை உள்ளே விட்டு, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"லேத்து போய்ட்டா அந்த மனுசன் சும்மாவா இருப்பாரு? இந்த மிஷினுக்கு அட்டாச்மெண்ட் செய்ய வந்துடுவாரு சார்."