மஞ்சள் தொங்கட்டானுக்குப் போட்ட வேலி

ஒரு காட்டில், மரங்களைவிட அறிவிப்புப் பலகைகள் செழிப்பாக வளர்ந்திருந்த ஒரு காட்டில், ஒரு தேன்சிட்டு இருந்தது. ஓடையின் இக்கரையில் பூக்கும் ஊதாச்சிமிழின் தேனைத் தவிர வேறெதுவும் அதன் தொண்டையில் இறங்காது. அக்கரையில் பூப்பது மஞ்சள் தொங்கட்டான். அது வண்டுக்கு உயிர். இரண்டு செடிகளும் வருஷாவருஷம் குறைந்துகொண்டே வந்தன.

சிங்க ராஜா ஒரே ஒரு வேலிக்குத்தான் அனுமதி தந்தார். இரண்டில் எது குறைவோ அதற்கு வேலி. ஒப்பிட்டுப் பார்க்க அதிகாரி ஆமை புறப்பட்டுவிட்டார், வந்துகொண்டே இருக்கிறார் என்று சேதி வந்தது.

தன் கரையில் செடி கொஞ்சம் கூடுதல் என்று தேன்சிட்டுக்குத் தெரியும். வேலி கிடைக்காவிட்டால் காட்டுமாடுகள் மிச்சம் வைக்காது. யோசித்து யோசித்துக் கடைசியில் முயலிடம் போனது.

"அண்ணே, நம்ம செடியில கொஞ்சம் தின்னு குறைச்சுக் குடுங்க. நல்ல காரியத்துக்குத்தான்."

நல்ல காரியம் என்றால் முயல் என்றைக்கும் பின்வாங்கியதில்லை. அது தின்னத் தின்னத் தேன்சிட்டுக்கு நெஞ்சு பதறியது. பல் இருந்திருந்தால் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கும். ஒரே ஒரு செடி மிஞ்சியபோது முயலின் காதைக் கொத்தி நிறுத்தியது.

அக்கரையில் வண்டுக்கும் இதே புத்திதான் வந்திருந்தது. ஆனால் அது அமர்த்தியது வெள்ளாட்டை. வெள்ளாட்டைப் போதும் என்று சொல்ல வைக்க இன்னும் யாரும் பிறக்கவில்லை.

ஆமை வந்தார். இரண்டு கரையையும் பார்த்தார்.

"இங்க ஒண்ணு இருக்கு. அங்க ஒண்ணுமே இல்ல. அப்ப அதுதானே குறைவு? வேலி அங்கதான்."

இல்லாத செடிக்கு எதற்கு வேலி என்று தேன்சிட்டு கெஞ்சியது. இருக்கிற செடிக்கு என்ன அவசரம் என்றார் ஆமை. வெறும் மண்ணைச் சுற்றி முள்கம்பி வந்தது. மஞ்சள் தொங்கட்டான் பாதுகாப்புப் பகுதி என்று பலகையும் வந்தது. வண்டு உள்ளே உட்கார்ந்து பசியோடு காவல் காத்தது.

அழுது முடித்த தேன்சிட்டு, கடைசிச் செடியின் விதைகளை அலகில் கவ்விக்கொண்டு வேலிக்கு மேலாகப் பறந்து போய் உள்ளே போட்டது. வண்டு பார்த்துவிட்டது. தனக்கும் பங்கு உண்டா என்று மட்டும் கேட்டது. உண்டு என்றது தேன்சிட்டு.

மழைக்குப் பிறகு வேலிக்குள் எங்கு பார்த்தாலும் ஊதாப் பூ. மேற்பார்வைக்கு வந்த ஆமை பலகையைப் படித்தார், பூவைப் பார்த்தார், மறுபடியும் பலகையைப் படித்தார்.

"மஞ்சள் நல்லா வந்திருக்கு. வெயில்ல நிறம் கொஞ்சம் மாறிப்போச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

நீதி: இல்லாதவனுக்குத்தான் வேலி போடுவார்கள். உயிரோடு இருப்பவர்கள் அவன் பெயரில் குடியேறிக்கொள்ளவும்.