மூன்று வாளிகளும் ஒரு துணிப்பையும்

இனி குப்பைக்குப் பயந்து வாழ்வதில்லை என்று அன்று காலையில்தான் முடிவெடுத்தேன். காரணம், எங்கள் வாசற்கதவில் ஒட்டியிருந்த சிவப்புத் தாள். 'இந்த வீட்டில் குப்பை பிரித்துத் தரப்படவில்லை.' தெருவே படித்துவிட்டது. நான்தான் கடைசி. இத்தனைக்கும் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். ஊரார் பிழையைத் தேடிப்பிடிப்பதே என் பிழைப்பு.

"என்னங்க, புது விதி வந்து ஒரு மாசம் ஆச்சு. மக்குறது பச்சை வாளி. மக்காதது நீலம். பல்பு, பேட்டரி எல்லாம் சிவப்பு. இதுல என்ன கஷ்டம்?" என்றாள் மனைவி.

"மக்குக்கு எந்த வாளி?"

"மக்கு பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருக்கு. வாளியில அடங்காது."

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான்மா தெரியுது."

"நம்மள யாராலயும் பிரிக்க முடியாதுன்னு கல்யாணத்தன்னைக்குச் சொன்னீங்க. சரின்னு விட்டேன். குப்பையைக்கூடவா பிரிக்க முடியாது? இன்னையிலேருந்து அது உங்க வேலை."

மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு. அன்று ஒரு தேநீர்ப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றேன். உள்ளே தூள். வெளியே காகிதம். அதில் ஒரு நூல். நூல் நுனியில் ஒரு கம்பி. ஒரு டீக்கு எத்தனை வாளி?

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. மூன்று தெரு தள்ளி, பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. அது எதையும் கேட்காது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் துணிப்பையில் போட்டுக்கொண்டேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வாக்கிங். டாக்டர் சொன்னாரே."

"அவர் சொல்லி மூணு வருஷம் ஆச்சு."

"யோசிக்க வேண்டாமா?"

மறுப்பு வரும் என்று நினைத்தேன். "மெதுவா நடங்க, மூச்சு வாங்கும்" என்று செருப்பை எடுத்து வைத்தாள். எனக்கே கொஞ்சம் குற்ற உணர்ச்சி.

நான்கு நாள் வெற்றிநடை. கனத்துப் போகும் பை, காற்றாடத் திரும்பும். "முகமே தெளிஞ்சிருக்கு. நல்லாத் தூங்கறீங்க" என்று சூடாக டீ வேறு கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் வாசலில் அழைப்பு மணி. சுகாதார ஆய்வாளர் அம்மா நின்றிருந்தார். கையில் என் மூட்டை.

"சார், இது உங்க வீட்டுக் குப்பையா?"

"குப்பையில வீட்டுப் பேரா எழுதியிருக்கு?"

அவர் மூட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை உருவினார். நான் திருத்திய மெய்ப்புத் தாள். பக்கமெங்கும் என் சிவப்பு மை. அடியில் என் கையெழுத்து, அதுவும் முகவரியோடு. 'சுத்தம்' என்பதைச் 'சத்தம்' என்று அடித்திருந்ததை வேறு திருத்தியிருந்தேன்.

எனக்குச் சத்தமே வரவில்லை.

"பொதுத் தொட்டியில வீட்டுக் குப்பையைப் போட்டா, ஒரு வாரம் குப்பை வண்டியோட தெருத்தெருவா நடக்கணும். எல்லார் வீட்டுலயும் பிரிச்சிருக்காங்களான்னு பாக்கணும். அதான் விதி."

"எனக்கே பிரிக்கத் தெரியாதும்மா!"

"ஒரு வாரத்துல தெரிஞ்சிரும் சார்."

கடைசி நம்பிக்கையாக மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தாள். காப்பாற்றப் போகிறாள்!

"பாவம்மா அவரு" என்று ஆரம்பித்தாள். கண் கலங்கிவிட்டேன். "ஒரு வாரம்னா உடம்பு பழகறதுக்குள்ள முடிஞ்சிரும். ஒரு மாசமாப் போடுங்க."

"ஏம்மா, நீயுமா?"

"நீங்க நடந்து நான் பாத்தது இந்த நாலு நாள்தான். அதை விட்டுருவேனா?"

ஆய்வாளர் ஒரு ஆரஞ்சு நிற மேலங்கியை நீட்டினார். தப்பிக்க ஒரே வழி என் தொப்பைதான். "இது எனக்கெல்லாம் பத்தாதும்மா" என்றேன் நம்பிக்கையோடு. மனைவி வாங்கி மாட்டிவிட்டாள். பொத்தான்கள் ஒவ்வொன்றாய்ச் சிரமமில்லாமல் ஏறின. தோள் சரி. கை சரி. தொப்பையும் சரி.

"எப்படி இவ்வளவு பொருத்தமா இருக்கு?" என்றேன்.

ஆய்வாளர் சொன்னார்: "அக்கா முந்தாநாளே வந்து அளவு குடுத்துட்டாங்க சார்."